ஆனியில் இரண்டு அவிட்டம்

மே 3, சனி

தாமிரா சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, கூடத்தில் நின்றபடியே தீர்ப்பு வாசித்துவிட்டாள். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம் பிடித்து, மேளம் வைத்து, ஊரைக் கூட்டி.

"நீங்க ரெண்டு பேரும் ஒழுங்கா ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டதே இல்லல்லா. எனக்குப் பாக்கணும்மா" என்கிறாள். இருபத்தொன்பது வயது. அவள் கல்யாணப் பேச்சை எடுத்தால் காது கேட்காது, அப்பன் ஆத்தா கல்யாணத்துக்கு மட்டும் இந்த வேகம்.

அவள் சொல்வதும் நிஜம்தான். 1991-இல் பதிவு அலுவலகத்தில் பதினொரு நிமிடத்தில் எங்கள் கல்யாணம் முடிந்தது. பிறகு அதே துறையில் எனக்கு வேலை கிடைத்து, இருபத்தாறு வருஷமாக ஊரார் கல்யாணங்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மாலை மாற்றுவது, தாலி முடிவது எல்லாம் நான் பந்தியில் உட்காரப் போன இடத்தில் பார்த்ததோடு சரி.

இவர் மின்வாரியத்திலிருந்து போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கியவர். நன்றாக இருக்கிற சுவிட்சுகளைக் கழற்றி மாட்டுவதுதான் இப்போது வேலை. "எனக்கு எதுக்குட்டி இந்தக் கூத்தெல்லாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். பத்து நிமிடம் ஆகியும் நகரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மே 5, திங்கள்

அரை நாள் விடுப்பு. ஜோசியரிடம் போனோம். இவர் விசுவாவசு வருஷம் ஆனி அவிட்டம். அறுபது வருஷம் சுற்றி அதே விசுவாவசு திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இந்த ஆனியில் அவிட்டம் இரண்டு தடவை வருகிறதாம். ஜூன் 16 ஒன்று, ஜூலை 13 ஒன்று.

"ரெண்டு வந்தா பிந்துனதுதாம்மா கணக்கு" என்றார். ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த மாதிரி மண்டபமும் அன்றைக்குக் காலியாக இருந்தது. முன்பணம் கட்டி, கையோடு சமையல்காரரையும் பேசியாயிற்று. தேங்காய்ப்பால் சொதியா சாம்பாரா என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் முடிவு வரவில்லை.

மே 11, ஞாயிறு

அழைக்க வேண்டியவர்கள் பட்டியல் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு வீடு. அம்பாசமுத்திரத்துக்குக் கிடையாது.

அங்கே இருப்பது என் கூடப்பிறந்த அண்ணன் சொரிமுத்து. இவருக்கு ஒண்ணாம் வகுப்பிலிருந்து சேக்காளி. இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே ஆற்றுத்துறை. இவர் வேறு சாதி, நாங்கள் வேறு சாதி என்பது சேக்காளியாக இருக்கிறவரை ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, என்னைக் கட்டிக்கொண்டதும் எல்லார் கண்ணிலும் பட்டது. "இனிமே இந்தப் படி ஏறாத" என்று அன்றைக்கு அண்ணன் சொன்னார். அப்பா இறந்தபோது ஆள் மூலம் தகவல் வந்தது. போனேன். தெருவிலேயே நின்று பார்த்தேன். ஏறி வா என்று அவரும் சொல்லவில்லை, நானும் ஏறவில்லை.

முப்பத்து நான்கு வருஷம். இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.

இதைப் பற்றி இனி இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

மே 20, செவ்வாய்

இவருடைய தங்கை ரங்கநாயகி போன் பண்ணினாள். நல்லவள்தான், வாய் மட்டும் கொஞ்சம் முந்தும். "எல்லாம் சரி மதினி, பொறந்த வீட்டுச் சேல யாரு கொண்டாரா?" என்று கேட்டாள்.

அறுபதாம் கல்யாணத்தில் கலசத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியபின் கட்டிக்கொள்கிற சேலையும் வேஷ்டியும் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் தாலி வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணன் தம்பி இல்லாதவர்களுக்குப் பெரியப்பா மகன் கொண்டுவருவான். எங்கள் பெரியப்பா மக்கள் அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர்கள்.

"கடையில நிறைய கெடக்கு ரங்கம். நானே வாங்கிக்கிடுவேன்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். ரங்கநாயகி முந்திப் போனை வைத்து நான் பார்த்ததே இல்லை.

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது.

மே 25, ஞாயிறு

தாமிரா ஏற்பாடு பண்ணின விழா அமைப்பாளர் ஷாலினி வந்திருந்தாள். கையில் கம்ப்யூட்டர் பலகை, அதில் எங்கள் கல்யாணம் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. மேடை, திரை, துணி எல்லாம் இளம் பீச் நிறம்தானாம். அதுதான் தீம். ஆற்றங்கரையில் நாங்கள் இருவரும் கைகோத்து நடந்து வருகிற மாதிரி வீடியோ வேறு எடுக்க வேண்டுமாம்.

"ஆத்துல நடந்தா இவருக்கு முட்டி வலிக்கும்" என்றேன்.

"எனக்கா? எனக்கு எங்க வலிக்கு?" என்று எழுந்து கூடத்தில் நடந்து காட்டினார். ஷாலினி கை தட்டினாள். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் முப்பத்து நான்கு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

அலுவலகத்தில் மத்தியானம் சாப்பிடும்போது சேலை விஷயத்தைச் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். பக்கத்து மேஜை ஜான் செல்வராஜ் சார் சட்டென்று சொன்னார்.

"நான் கொண்டு வாரேன் மேடம். இருபது வருஷமா உங்க டிபன் பாக்ஸ்ல பாதிய நாந்தான சாப்பிடுதேன். அண்ணன்னு வச்சுக்கோங்க."

"சார், நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. ஞாயித்துக்கெழம வேற."

"காலம்பற ஆராதனையில ஆண்டவரப் பாத்துட்டு, நேரா தட்டோட வந்துருதேன். ஒரே ஒரு சந்தேகம், தட்டுல என்னென்ன வைக்கணும்?"

தேங்காய், பழம், வெற்றிலை, பூ என்று சொல்லச் சொல்ல ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. வீட்டுக்கு வந்தபின் ஏனோ வெகுநேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாக வந்தது, அதனால்தான்.

ஜூன் 8, ஞாயிறு

எனக்குப் பிறந்த வீட்டுச் சேலை நானே வாங்கினேன். தீமுக்குப் பொருந்துகிற பீச் நிறம். நல்ல சேலைதான். கடைக்காரப் பெண் "யாருக்கும்மா, மகளுக்கா?" என்று கேட்டாள்.

ஜூன் 16, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரை. நான் நைட்டியில், எண்ணெய் வைத்த தலையோடு, துணி ஊற வைத்துக்கொண்டிருந்தேன். இவர் தலைச்சாயம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலையில் பூசினால் எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிய வேண்டுமாம். மேலே பனியன், கழுத்தில் கிழிந்த துண்டு, தலை முழுக்கக் கறுப்புக் களிம்பு, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை.

வாசலில் வேன் சத்தம். சிலிண்டர்காரர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். பட்டுச்சேலையில் ஒரு அம்மாள் இறங்கினாள். அண்ணன் பெண்டாட்டி பேச்சியம்மாள் மதினி. முடி நரைத்திருந்தாலும் அந்த மூக்குத்தி அதேதான். வேனுக்குள்ளே ஏழு தாம்பாளம், பழமும் பூவும் வெற்றிலையுமாக. ஒன்றில் சேலை வேஷ்டி. கடைசியாக, கையில் இரண்டு ரோஜா மாலையோடு அண்ணன் இறங்கினார். மெலிந்துவிட்டார். நெற்றி அப்படியே அப்பா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தார். வாழை மரம் இல்லை, மேளம் இல்லை, ஒரு செருப்பு கூட வாசலில் இல்லை.

"என்னது, ஒருத்தரையும் காணும்? ஏழரைக்கு ராகு காலம் வந்துருமேட்டி, நீ இன்னும் குளிக்கவே இல்லையா?"

முப்பத்து நான்கு வருஷம் கழித்து என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "துணி ஊறப் போட்டிருந்தேன்" என்றேன்.

இவர் என்ன சத்தம் என்று பார்க்க வெளியே வந்தார். அண்ணன் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே பெருமாளு, தலையில என்னலே தாரு?"

"டை."

இவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. அறுபது வயது ஆட்கள் இரண்டு பேர் தெருவே பார்க்கச் சிரிக்கிறார்கள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே உட்கார வைத்தபின் கேட்டேன். "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒவ்வொரு ஆனி அவிட்டத்துக்கும் இவன் அம்மா கையால பாயசம் வாங்கிக் குடிச்சவன் நான். வருஷத்த எண்ணத் தெரியாதா எனக்கு? பத்திரிக வரல, வராதுன்னும் தெரியும். அதுக்காக அவனுக்கு அறுபது ஆகாம நிக்குமா?"

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் போய்விடும். தானே பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆனியில் முதலில் கண்ணில் பட்ட அவிட்டத்தைக் குறித்துக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு வேன் எடுத்திருக்கிறார்.

இவர் மெதுவாக விளக்கினார். ரெண்டு அவிட்டம், பிந்தினதுதான், ஜூலை பதிமூன்று. அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. மதினி அவரைப் பார்த்த பார்வையில் ராகு காலத்துக்கு முன்னாலேயே ராகு வந்துவிட்டது.

"அப்போ தட்ட வேன்ல ஏத்து" என்று எழுந்தார்.

"உள்ள வந்த தட்டு வெளிய போகாது. ஒக்காருங்க" என்றாள் மதினி. உட்கார்ந்தார்.

இட்லி சாப்பிட்டார்கள். அண்ணன் ஆறு. எல்லாம் நன்றாகத்தான் போனது. கிளம்பும்போது வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பதிமூணாந் தேதிக்கு நான் சும்மா வர மாட்டேன். முறையா வீட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும். ரெண்டு பேரும் வரணும்."

எனக்கு வந்ததே கோபம். கூப்பிடாமலே வந்த மனுஷனுக்கு இனிமேல் முறை என்ன முறை. "பாப்போம்" என்றேன். வேன் போய்விட்டது.

இவர் சிரித்த சிரிப்பில் சாயம் வைத்த நேரத்தை மறந்துவிட்டார். காதெல்லாம் கறுப்பு.

ஜூன் 17, செவ்வாய்

கோபம் தீரவில்லை. அலுவலகத்தில் ஒரு பெயரை இரண்டு தடவை தப்பாக ஏற்றினேன்.

ஜூன் 19, வியாழன்

இவர் சொல்கிறார், "அவனுக்கு ஒன்ன வீட்டுக்கு வான்னு கூப்புடத் தெரியல உலகு. ஏறாதன்னு சொன்ன வாய். அதான் அழைக்க வா, வெத்தல வையின்னு சுத்தி வளைக்கான்."

சேக்காளிக்கு வக்காலத்து வாங்குகிறார். அதெல்லாம் ஒன்றுமில்லை, வீம்புதான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்தேன். மரியாதைக்கு அழைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவது என்று முடிவு.

ஜூன் 22, ஞாயிறு

போனோம்.

தெரு மாறிவிட்டது, வீடு மாறவில்லை. முன்பக்கச் சுவர் மட்டும் பளீரென்று இருந்தது, சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. மதினி இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள், "திங்கக்கெழமையிலேருந்து வெள்ளையடிக்காங்க. நேத்துதான் முடிஞ்சது."

படிக்குக் கீழே நின்றுவிட்டேன். மூன்றே படி. தாம்பூலத் தட்டு கையில் கனத்தது. கீழேயே நின்று கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றிற்று. இவர் பக்கத்தில் நின்றார். அண்ணன் கதவுநிலையில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்தப் பொத்தான் அறுந்து விழுந்து படியில் உருண்டது.

"உள்ள வா" என்றார்.

ஒரு படி இறங்கி வந்து மறுபடியும் சொன்னார். "ஏறி வா உலகு."

ஏறினேன். பொத்தானையும் எடுத்துக்கொண்டு போனேன்.

உடனே திரும்புவதாக வந்தவர்கள் சாயங்காலம் ஐந்து மணி வரை இருந்தோம். அழைக்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதுதான் வழக்கம். மதினி பதினொரு வகை சமைத்திருந்தாள், நேற்றே அரைத்து வைத்தாளாம். இவரும் அண்ணனும் ஆற்றுக்குக் குளிக்கப் போய் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. நான் அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அண்ணன் சட்டையில் பொத்தான் தைத்தேன். நூல் கோக்க நேரமாயிற்று, கண் தெரியவில்லை. மதினி விளக்கைப் போட்டாள், அப்போதும் தெரியவில்லை.

வெற்றிலை பாக்கை அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

ஜான் செல்வராஜ் சாரிடம் சொன்னேன். "அப்போ என் பதவி போச்சா மேடம்" என்றார். சித்தப்பா மகன் என்று வைத்துக்கொண்டு பழத்தட்டு மட்டும் தூக்கட்டும் என்று சமாதானம் பேசினேன். ஒப்புக்கொண்டார்.

ஜூன் 30, திங்கள்

அண்ணன் கொண்டுவந்த சேலையைப் படம் எடுத்துத் தாமிராவுக்கு அனுப்பினேன். கிளிப்பச்சை. கடுகு மஞ்சளில் ஒரு சாண் பார்டர், அதில் வரிசையாக யானை.

உடனே போன் அடித்தாள். "அம்மா, இது நம்ம தீமுக்கு…"

"ஒந்தீம நீ கட்டிக்கோ. பீச் சேல புதுசா இருக்கு, ஒனக்கு நல்லா இருக்கும்."

ஷாலினி அழாத குறை. பச்சை எந்தப் பக்கம் நின்றாலும் படத்தில் துருத்திக்கொண்டு தெரியுமாம். தெரியட்டும் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஆற்றங்கரை வீடியோ. இவருக்கு முட்டி வலித்தது. சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையைக் கோத்துக்கொண்டு நடந்ததில் வலி தெரியாமல் போயிற்று. சொதிதான் என்று முடிவாயிற்று.

ஜூலை 12, சனி

மருதாணி. எழுத முடியவில்லை.

ஜூலை 14, திங்கள்

நேற்று நடந்தது முழுவதையும் எழுத உட்கார்ந்தால் நோட்டு போதாது. அண்ணனும் மதினியும் ஊருக்குக் கிளம்பவில்லை, கூடத்தில் மிச்ச முறுக்கைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன்.

எங்களை மணையில் உட்கார வைத்து, தலைக்கு மேலே சல்லடை பிடித்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலசத் தண்ணீர் ஊற்றினார்கள். ரங்கநாயகி ஊற்றினாள், தாமிரா ஊற்றினாள், ஜான் செல்வராஜ் சாரும் ஓடி வந்து ஊற்றினார். அண்ணன் வந்து செம்பைச் சாய்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரோடு தண்ணீராகப் போகட்டும் என்று பார்த்தேன், சத்தம் வந்துவிட்டது. மேளக்காரர்கள் நல்லவர்கள், ஓங்கி அடித்தார்கள். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு இனி வெட்கம் இல்லை. அவரும் அழுதார்.

பிறகு கிளிப்பச்சைச் சேலையைத் தட்டோடு அண்ணன் கையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். இவர் தாலி முடிந்தார். தாமிரா கீழே இருந்து விசில் அடித்தாள், பெற்ற மகள். படத்தில் எல்லாரும் பீச் நிறம், நான் மட்டும் பச்சை. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் கல்யாணப் பெண் யார் என்று தெரியும்.

இன்று காலை காப்பி குடிக்கும்போது அண்ணன் திடீரென்று கேட்டார். "அன்னைக்கு ஆபீசுல ஒம் பக்கம் சாட்சிக் கையெழுத்து யாரு போட்டா?"

இவர் சேக்காளிகள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. எதிரே டீக்கடையில் நின்ற ஒருத்தரைக் கூப்பிட்டோம், பாதி டீயை வைத்துவிட்டு வந்து போட்டுவிட்டுப் போனார். பேர்கூட நினைவில்லை. சொன்னேன்.

அண்ணன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அதுல இப்போ எங்கேயாவது எடம் இருக்குமா?"

அரசுப் பதிவேட்டில் பின்னால் கை வைப்பது குற்றம், என் வேலை போய்விடும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே போய் இந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதில் நேற்றைய கல்யாணத்தை எழுதி முடிக்கிறேன், அடியில் நீங்கள் போடுங்கள், முன்பக்கம் மட்டும் புரட்டக் கூடாது என்றேன். பேனாவைத் துடைத்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதி முடிக்கக் காத்திருக்கிறார்.

சாட்சிக் கையெழுத்து விழுந்தபின் அதற்குக் கீழே ஒரு வரியும் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகச் சட்டம். அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பதினொரு நிமிடத்தில் நடந்ததும் கல்யாணம்தான், நேற்று நடந்ததும் கல்யாணம்தான். இரண்டிலும் மாப்பிள்ளையைப் பற்றிக் குறை ஒன்றுமில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

சாட்சி:
ச. சொரிமுத்து, பெண்ணுக்கு அண்ணன்
அம்பாசமுத்திரம்